காற்று நூலுக்கு, நச்சு நமக்கு: தொழிற்சாலை வரைபடத்தில் சாதி

நிர்வாகவியல் பாடப்புத்தகங்களில் தொழிற்சாலையின் உள்ளமைப்பு பற்றி ஒரு தனி அத்தியாயம் இருக்கும். மூலப்பொருள் ஒரு வாசலில் நுழைந்து, குறுக்கே போகாமல், திரும்பி வராமல், மறுவாசலில் சரக்காக வெளியேற வேண்டும். தொழிலாளி தேவையில்லாமல் நடக்கக் கூடாது, குனியக் கூடாது, தூக்கக் கூடாது. வெளிச்சம், காற்று, வெளியேறும் வழி எல்லாம் கணக்குப்படி இருக்க வேண்டும். திறன், பாதுகாப்பு, வசதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று அந்த அத்தியாயம் முடியும். இதில் நமக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அங்கே வரும் 'தொழிலாளி'க்கு ஊர் இல்லை, தெரு இல்லை, சாதி இல்லை. எந்தத் தொழிலாளி எந்த மூலையில் நிற்கிறார் என்ற கேள்வி அந்தப் புத்தகத்தில் எழுவதே இல்லை.

நம் ஊர்த் தொழிற்சாலைகளுக்குள் ஒருமுறை போய் வந்தாலும் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. குளிர்சாதன அறையில் யார், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத மூலையில் யார்? உலர்ந்த தரையில் யார், ஈரத் தரையில் யார்? நாற்காலி யாருக்கு, குழி யாருக்கு? பதிலை நாம் எல்லோரும் அறிவோம். சேரியும் ஊரும் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிரிவினை தொழிற்சாலைக் கூரையின் கீழ் வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

ஒரு தொழிற்சாலை பாதுகாப்பானதா, வசதியானதா என்பதை அதன் மோசமான மூலையில் நிற்பவரின் இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம். அந்த மூலையில் யாரை நிறுத்துவது என்பதைச் சாதி முடிவு செய்யும் நாட்டில், உள்ளமைப்பு என்பது என்ஜினியரிடமும் முதலாளியிடமும் விட்டுவிட வேண்டிய தொழில்நுட்பச் சமாச்சாரமாக இருக்க முடியாது. சாதி ஒழிப்பின் கோரிக்கைப் பட்டியலில் அதற்கும் இடம் வேண்டும்.

ஒரு நாடா சொன்ன சாக்கு

இது புதிய வாதம் அன்று. 1920களின் பம்பாய்ப் பஞ்சாலைகளில் தீண்டப்படாத சாதியினருக்கு நூற்புப் பிரிவில் வேலை கிடைத்தது. கூலி அதிகமான நெசவுப் பிரிவின் கதவு மட்டும் மூடியே இருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒரு கருவியின் வடிவமைப்பு. நெசவில் குறுக்கிழையை ஏந்தி ஓடும் ஷட்டிலை நம் நெசவாளர்கள் நாடா என்பார்கள். அன்றைய நாடாவில் புது நூலைக் கோக்க, அதன் துளையில் வாய் வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரு தாழ்த்தப்பட்டவரின் வாய் பட்ட நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள்.

1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, அம்பேத்கர் இந்தப் பிரச்சினையைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்யும் உரிமையை நீங்கள் ஏற்காவிட்டால், எங்கள் மக்களை வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ள வேண்டாம் என்று சொல்வேன் என்றார். தலைவர்கள் வேண்டாவெறுப்பாக அதைக் கோரிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆலை முதலாளிகளோ, இது அநீதி என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லையே என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பதிலில் உண்மை இருந்ததை அம்பேத்கர் மறைக்கவில்லை.

இதே உறிஞ்சு நாடாவை இங்கிலாந்தின் லங்காஷயரிலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் தொழிலாளர்கள் வேறொரு காரணத்துக்காக எதிர்த்தார்கள். பலர் வாய் வைக்கும் நாடா நோயைப் பரப்புகிறது, பஞ்சுத் தூசு நேராக நுரையீரலுக்குப் போகிறது என்பது அவர்கள் புகார். கையாலேயே நூல் கோக்கும் நாடாக்கள் அப்போதே உருவாகிவிட்டன. அதாவது, சில ரூபாய் பெறுமான ஒரு கருவியை மாற்றினால் நோயும் நின்றிருக்கும், தீட்டு என்ற சாக்கும் காணாமல் போயிருக்கும். அங்கே அது உடல்நலப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. இங்கே அது சாதியின் காவலாளியாக நின்றது. ஒரு பொருளின் வடிவம் எப்படி ஒரு சாதியைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

நூலுக்குக் கிடைக்கும் கவனிப்பு

இன்றைய நூற்பாலைக்கு வருவோம். கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு, விருதுநகர் வட்டாரங்களில் ஏதாவது ஒரு மில்லுக்குள் போனால் காற்றைப் பதப்படுத்தும் பெரிய ஏற்பாடு ஒன்று இருக்கும். தரையில் உறிஞ்சும் பள்ளங்கள், மேலே காற்று வரும் குழாய்கள், ஈரப்பதத்தைக் காட்டும் மீட்டர். நூற்புக் கூடத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ 55 முதல் 60 விழுக்காடு இருக்க வேண்டும். குறைந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். நெசவுக் கூடத்துக்கு இன்னும் அதிக ஈரம் தேவை. ஒரு நாள் ஈரப்பதம் தவறினால் மானேஜர் ஓடி வருவார்.

அந்தக் காற்று நூலுக்காகப் பதப்படுத்தப்பட்ட காற்று. அதில் எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கும் பெண்ணின் உடலுக்கு அது புழுக்கம். வியர்வை ஆறாது. தறிக் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். பேல் பிரிக்கும் இடத்திலும் கார்டிங் பகுதியிலும் தூசு கண்ணுக்கே தெரியும். பஞ்சுத் தூசால் வரும் பிஸினோசிஸ் நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு: விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். உடலே 'இங்கே போகாதே' என்று சொல்லும் நாள் அது. நாள்பட நாள்பட எல்லா நாளும் அப்படியே ஆகிவிடும்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி இந்த மில்களுக்கு அழைத்து வரப்பட்ட இளம் பெண்களில் தலித் குடும்பப் பெண்கள் ஏராளம். அவர்களை விடுதியிலிருந்து மில்லுக்கும், மில்லிலிருந்து விடுதிக்கும் கொண்டு செல்லும் பாதையைக் கவனமாக வடிவமைத்தவர்களுக்கு, தூசு எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் மூடியை வைக்கத் தெரியாதா? கார்டிங் இயந்திரத்தை மூடலாம். துடைப்பத்துக்கும் காற்றுக் குழாய்க்கும் பதிலாக வேக்குவம் வைத்துச் சுத்தம் செய்யலாம். துடைப்பம் தூசைத் தரையிலிருந்து எழுப்பி மூக்குக்குக் கொண்டு வருகிறது. அந்தத் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பச்சைத்தோல் முதல் பேக்கிங் வரை

பாலாற்றங்கரைக்குப் போனால் வரைபடம் இன்னும் வெளிப்படையாக இருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளை மக்கள் டேனரி என்றும் தோல் கம்பெனி என்றும் சொல்வார்கள். உள்ளே தோல் போகும் வழியிலேயே நாமும் நடந்து பார்ப்போம்.

முதலில் பச்சைத்தோல் வந்து இறங்கும் இடம். உப்பு, இரத்தம், ஈ. அடுத்து ஊறவைத்தல். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் மயிர் நீக்குதல். அங்கிருந்து சவ்வு நீக்கும் இயந்திரம். பிறகு அமிலக் குளியல், குரோமியம் ஏற்றும் டிரம். நீல நிறத்தில் வெளியே வரும் ஈரத்தோலை 'வெட் புளூ' என்பார்கள். இதுவரை எல்லாம் ஈரப் பகுதி. அதன்பின் சீவுதல், சாயம், உலர்த்துதல், பாலிஷ், ஸ்பிரே, அளவெடுத்தல், பேக்கிங். கடைசியில் ஏற்றுமதி அலுவலகம், குளிர்சாதன அறை, வெளிநாட்டு வாடிக்கையாளர் உட்காரும் சோபா.

தோல் நாற்றத்திலிருந்து நறுமணத்துக்குப் போகிறது. அந்தப் பாதையில் எந்த இடத்தில் யார் நிற்கிறார் என்று கேட்டுக்கொண்டே நடந்தால், பச்சைத்தோல் மேட்டிலும் ஈரப் பகுதியிலும் ஆதிதிராவிடரும் அருந்ததியரும், இப்போது அவர்களோடு வட மாநிலங்களிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்களும் நிற்பதை நாங்கள் களத்தில் பார்க்கிறோம். தரை உலர உலர சாதி மாறுகிறது. காண்ட்ராக்ட் குறைந்து நிரந்தர வேலை கூடுகிறது. சம்பளச் சீட்டு வரத் தொடங்குகிறது.

இனி ஈரப் பகுதியை மட்டும் பார்ப்போம். நனைந்த எருமைத்தோல் ஓர் ஆள் தனியாகத் தூக்கித் திணறும் எடை. அதை டிரம்மிலிருந்து தரைக்கு இழுத்துப் போட்டு, தரையிலிருந்து குனிந்து தூக்கி, இயந்திரத்துக்குக் கொண்டு போகிறார்கள். இயந்திரத்தின் உயரத்துக்குச் சமமாக ஒரு மேசையோ உருளைப் பாதையோ இருந்தால், குனிவதும் தூக்குவதும் பாதியாகக் குறையும். வேலையும் வேகமாக நடக்கும். முதலாளிக்கும் இலாபம்தானே? பிறகு ஏன் செய்வதில்லை? முதுகு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் மேசைக்குச் செலவழிக்க யாருக்கும் தோன்றாது. திறன் பற்றிய பாடப்புத்தகக் கணக்கு சாதிச் சமூகத்தில் தோற்றுப் போகும் இடம் இதுதான். அந்தக் கணக்கில் தொழிலாளியின் உடலுக்கு ஒரு விலை உண்டு. இங்கே அந்த விலை கூலிச்சீட்டில் ஏறுவதே இல்லை.

தரையைப் பாருங்கள். சரிவு சரியாக இல்லாததால் சுண்ணாம்பு நீர் தேங்குகிறது. வழுக்குகிறது. கம்பூட்ஸ் இருந்தாலும் உள்ளே நீர் புகுந்து கால் வெந்துபோகிறது. வடிகாலுக்கு மூடி இல்லை. இவை எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. வழுக்காத தரை, வடிகாலை நோக்கிச் சரிவு, மேலே இரும்புக் கிராதி. ஒரு கொத்தனாருக்குத் தெரிந்த விஷயங்கள்.

அப்புறம் குளியலறை. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டேனரித் தொழிலாளர்கள் பலர் எங்களிடம் சொல்லும் முதல் குறை சம்பளம் பற்றியதாக இருப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் எழுந்து போவது பற்றியது. பிள்ளைகள் பள்ளியில் கேட்கும் பேச்சு பற்றியது. ஷிப்ட் முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கத் தண்ணீரும், மாற்றுத் துணி வைக்க ஒரு பெட்டியும், ஈரத்துணி உலர ஓர் அறையும் இருந்தால் அந்த நாற்றம் ஆலையின் வாசலைத் தாண்டாது. இத்தனைக்கும் கழுவும் இடம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, மறைப்புடன் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொன்னது. துணி வைக்கவும் உலர்த்தவும் இடம் பற்றி 43ஆம் பிரிவு பேசியது. ஒரு குழாயும் ஓர் அலமாரியும் இல்லாத குறையை, அந்த மனிதரின் பிறப்போடு சேர்த்து ஊர் பேசுகிறது. நாற்றம் ஆலையின் குறை. அதை நம் உடலில் ஏற்றிவிட்டுச் சாதி என்று பெயர் வைத்தார்கள்.

குழிக்குள் என்ன நடக்கிறது

ஒவ்வொரு முறை கழிவுக்குழியில் சாவு நடக்கும்போதும் 'விஷவாயு தாக்கி' என்று இரண்டு சொல்லில் செய்தி முடிந்துவிடுகிறது. வாயு தானாக வந்து தாக்குவதில்லை. அது எப்படி உருவாகிறது என்பதை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மயிர் நீக்கும் தொட்டியிலிருந்து வரும் கழிவில் சல்பைடு இருக்கிறது. அது காரத்தன்மை கொண்ட நீராக இருக்கும் வரை அடங்கிக் கிடக்கும். அமிலக் குளியலிலிருந்தும் குரோமிய டிரம்மிலிருந்தும் வரும் அமில நீர் அதே வடிகாலில் சேர்ந்தால், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது. காற்றைவிடக் கனமான வாயு. ஆகவே மேலே போகாது, குழியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து இலட்சத்தில் சுமார் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். அளவு அதைப் போலப் பல மடங்கானால் சில மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அவரும் சரிவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் இறப்பதன் காரணம் இதுதான்.

இதைத் தடுக்கும் வழி வரைபடத்தில் இருக்கிறது. சல்பைடு நீருக்கும் அமில நீருக்கும் தனித்தனி வடிகால் போட வேண்டும். இரண்டும் சேர்வதற்கு முன்பே சல்பைடைச் சிதைத்துவிட வேண்டும். குழியைத் தரைக்கு மேலே, வெளியிலிருந்து பம்பு வைத்துக் காலி செய்யும்படி கட்ட வேண்டும். ஆள் இறங்கும் தேவையே வராதபடி கட்டுவதுதான் வடிவமைப்பு. முகமூடி, கயிறு, வாயுமானி எல்லாம் அதற்கு அடுத்த நிலை. சல்பைடைக் குறைத்து நொதிகளைக் கொண்டு மயிர் நீக்கும் முறைகளைச் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக உருவாக்கிப் பரப்பி வருகிறது. அறிவியல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டமும் இருந்தது. நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி எதற்குள்ளும் உரிய வெளியேறும் வழியும் பாதுகாப்பும் இல்லாமல் ஒருவரை இறக்கக் கூடாது என்று 1948 சட்டத்தின் 36ஆம் பிரிவு கூறியது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் பற்றிப் பேசுகிறது. அந்தச் சாவுகளுக்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. டேனரியின் இரசாயனக் கழிவுக்குழி அந்தச் சட்டத்தின் சொற்களுக்குள் நேராக வராது. ஆனால் இரண்டு குழியிலும் இறக்கப்படும் ஆள் ஒரே தெருவிலிருந்துதான் வருகிறார். சட்டம் குழிகளைப் பிரித்துப் பார்க்கிறது, சாதி பிரிப்பதில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலையை நாம் மறக்கக் கூடாது. ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேறு தேக்கிவைத்த தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது இரசாயனச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவரின் பலம் பற்றி அன்று நிறையப் பேசப்பட்டது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்கும் இடம் எப்படி வந்தது என்பது அதைவிட அடிப்படையான கேள்வி. தொழிலாளி இரவில் எங்கே படுப்பார் என்பதை எந்த வரைபடமும் காட்டவில்லை. காட்டாத இடத்தில்தான் அவர் படுத்தார்.

உட்காரவும் சாப்பிடவும் ஒதுங்கவும்

வசதி என்றவுடன் சிலர் அதை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். காலணி ஆலைகளிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் செக்கிங் மேசையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். நின்று செய்யும் வேலையில் இடையிடையே உட்கார இருக்கை தர வேண்டும் என்று 44ஆம் பிரிவு 1948லேயே எழுதியது. கடைகளில் நிற்பவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு அரசு 2021இல்தான் சட்டமாக்கியது. கழிப்பறைக்குப் போக டோக்கன், சூப்பர்வைசரிடம் அனுமதி, தூரம் என்ற மூன்றும் சேர்ந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று, விடுப்பு, சம்பளப் பிடித்தம். கழிப்பறை தூரமாக இருந்தால் உற்பத்தி கூடும் என்று கணக்குப் போட்டவர் இந்தச் செலவைக் கணக்கில் எடுக்கவில்லை. அது அவர் பையிலிருந்து போவதில்லை அல்லவா?

சாப்பிடும் இடம் இன்னும் நுட்பமானது. தனி டம்ளர் என்று பலகை எழுதி வைக்கும் ஆலை இன்று இருக்காது. ஆனால் ஈரப் பகுதிக்காரர்கள் கேன்டீனுக்கு வந்தால் நாற்றம் என்று சொல்லி, அவர்கள் மரத்தடியில் சாப்பிடுவது வழக்கமாகிவிடுகிறது. யாரும் விரட்டவில்லை, அவர்களாகவே போகிறார்கள் என்பார் நிர்வாகி. குளிக்க இடம் கொடுக்காமல் நாற்றம் என்பதும், நாற்றத்தைச் சொல்லி மேசையை மறுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். கேன்டீனுக்கு முன்னால் கழுவும் இடத்தைக் கட்டிவிட்டால் அந்தச் சாக்கு இல்லாமல் போகும். சாக்கு போன பிறகும் மேசை பிரிந்தே இருந்தால், நாம் எதோடு மோதுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எண்களைக் காப்பாற்றுவோம்

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அம்பேத்கர். வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைத்த 1946 சட்டத் திருத்தம் அவர் கொண்டு வந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் வந்தபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன்ராம். இந்த நாட்டில் ஆலைத் தொழிலாளியின் காற்றுக்கும் தண்ணீருக்கும் சட்டத்தில் அளவு எழுதப்பட்ட காலத்தில், அந்தத் துறையில் இருந்தவர்கள் அடுத்தடுத்து இரண்டு தலித் தலைவர்கள். இதைப் பாடப்புத்தகம் சொல்லாது. நாம் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டத்தின் சிறப்பு அதில் இருந்த எண்கள். ஓர் ஆளுக்கு 14.2 கனமீட்டர் இடம் வேண்டும், தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேல் உள்ள வெற்றிடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குடிநீர்க் குழாய் கழிப்பறையிலிருந்தும் கழிவு ஓடும் திறந்த வடிகாலிலிருந்தும் 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. அது குடிநீர் என்று தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும். 30க்கு மேல் பெண்கள் இருந்தால் குழந்தைக் காப்பகம். 150க்கு மேல் ஆட்கள் இருந்தால் ஓய்வறையும் உணவறையும். 250க்கு மேல் இருந்தால் கேன்டீன். எண் இருந்தால் அளக்கலாம். அளந்தால் கேட்கலாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த புதிய தொகுப்புச் சட்டத்தில் இந்த எண்கள் பலவும் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு, அரசு எழுதும் விதிகளுக்கு விடப்பட்டுள்ளன. சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். விதியை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். கேன்டீனுக்கான வரம்பு 100ஆகவும் ஓய்வறைக்கான வரம்பு 50ஆகவும் குறைந்திருப்பது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரையறை 20 ஆகிவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆகிவிட்டது. ஜாப் வொர்க் எடுத்துச் செய்யும் சின்ன டேனரிகள், மேல்தோல் தைக்கும் ஷெட்டுகள், கையுறைப் பட்டறைகள் எந்த எண்ணிக்கையில் ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வேலை செய்பவர்கள் யார் என்பதும் தெரியும்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில்

சின்ன முதலாளியால் இதற்கெல்லாம் செலவு செய்ய முடியுமா என்று கேட்பார்கள். தனித்தனியாக முடியாதவர்கள்தான் பொதுக் கழிவுநீர் நிலையத்துக்குச் சேர்ந்து பணம் போட்டார்கள், அரசு மானியமும் வாங்கினார்கள். நீதிமன்றம் பாலாற்றைக் காப்பாற்றச் சொன்னபோது அந்த ஏற்பாடு சாத்தியமானது. ஆற்றுக்காகச் சேர முடிந்தவர்கள் ஆளுக்காகவும் சேரலாம். வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடிட்டர் வரும் நாளில் கையுறையும் முகமூடியும் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன. மறுநாள் காணாமல் போகின்றன. வடிகாலையும் குளியலறையையும் அப்படி ஒரு நாளைக்கு மட்டும் கொண்டு வர முடியாது. அதனாலேயே கட்டடத்தை மாற்றச் சொல்லிக் கேட்கிறோம்.

இரண்டாவது கேள்வி நம் முகாமிலிருந்தே வருகிறது. இழிவு சுமத்தப்பட்ட தொழிலை விட்டு வெளியேறுங்கள் என்பதல்லவா அம்பேத்கரின் வழி? டேனரியைச் சீர்திருத்தச் சொல்வது நம் பிள்ளைகளை அங்கேயே கட்டிவைப்பது ஆகாதா? நியாயமான கேள்வி. வெளியேறும் உரிமையை நாம் ஒருநாளும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. படிப்பும் நிலமும் வேறு வேலையும் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இன்று காலை ஷிப்டுக்குப் போனவர் மாலை நுரையீரலோடு வீடு திரும்ப வேண்டும். அதோடு, ஒரு வேலை ஆபத்தாகவும் அழுக்காகவும் இருக்கும் வரைதான் அதை ஒரு சாதிக்கு ஒதுக்கி வைக்க முடியும். தரை உலர்ந்து, காற்று சுத்தமாகி, சம்பளம் உயர்ந்துவிட்டால் எல்லாச் சாதியினரும் அந்த வரிசையில் வந்து நிற்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இயந்திரம் வரும்போது குழியில் நின்றவரை வெளியே அனுப்பிவிட்டு, இயந்திரத்தின் இருக்கையில் வேறொருவரை உட்கார வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். துடைப்பம் நமக்கு, சுத்தம் செய்யும் வண்டியின் ஸ்டீயரிங் வேறொருவருக்கு. ஆகவே கோரிக்கை இரண்டாகவே இருக்க வேண்டும்: குழியை மூடு, குழியில் நின்றவருக்கே பயிற்சி கொடுத்து அந்த இருக்கையைக் கொடு. இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் நவீனமயம் என்ற பெயரில் நாம் வேலையையும் இழப்போம்.

அளவு நாடாவோடு கிளம்புங்கள்

மாணவத் தோழர்களே, சமூகவியல் படிப்பவர்களும் என்ஜினியரிங் படிப்பவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. உங்கள் ஊரில் உள்ள ஓர் ஆலையின் தொழிலாளர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு வரைபடம் போடுங்கள். எந்த இடத்தில் எத்தனை பேர், என்ன சாதி, ஆணா பெண்ணா, நிரந்தரமா காண்ட்ராக்டா, குடிநீர் எத்தனை அடி தூரம், கழிப்பறை எங்கே, அவசரக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அது பூட்டியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள கூடம் என்றால் உயரத்தில் 4.2 மட்டும் எடுத்துப் பெருக்கி 14.2ஆல் வகுங்கள். 59 பேருக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. உள்ளே எத்தனை பேர் என்று தொழிலாளிக்குத் தெரியும்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதைக் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த வரைபடத்தையும் தொழிலாளர்கள் போட்ட வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரசுக்குக் காட்டிய ஆலையும் நடக்கும் ஆலையும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துவிடும். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால் சொன்னவர்களின் பெயரை எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். தொழிற்சங்கத் தோழர்களிடம் கொண்டு போங்கள். சம்பளக் கோரிக்கைக்குக் கீழே கடைசி வரியாக இல்லாமல், அதற்குச் சமமாக இதை எழுதச் சொல்லுங்கள். 1928இல் அம்பேத்கர் கேட்டதும் அதுதான்.

மாநில அரசு புதிய விதிகளை எழுதும்போது கருத்துச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. 14.2 கனமீட்டரையும் 6 மீட்டரையும் ஒரு புள்ளி கூடக் குறைக்கக் கூடாது என்று எழுதுவோம். சல்பைடுக்கும் அமிலத்துக்கும் தனி வடிகால் இல்லாத டேனரிக்கு வரைபட ஒப்புதல் தரக் கூடாது என்று எழுதுவோம். ஈரப் பகுதியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், காண்ட்ராக்ட் தொழிலாளி உட்பட, குளியலறையும் உலர்ந்த துணி வைக்கும் பெட்டியும் கட்டாயம் என்று எழுதுவோம். தொழிலாளி தங்கும் இடத்தையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று எழுதுவோம். கட்டடக்கலையும் என்ஜினியரிங்கும் படித்து நாளை வரைபடம் போடப் போகும் நம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: பென்சிலை முதலில் ஈரப் பகுதியில் வையுங்கள். அலுவலகத்தைக் கடைசியில் வரையுங்கள்.

ஜெய் பீம்.